திருச்சியிலிருந்து பினாங்கு வரை: கோலாலம்பூரில் விமானம் மாறுவோருக்கான முழுமையான வழிகாட்டி

பினாங்கில் வாழும் நம் குடும்பங்கள் பலவற்றில், தமிழ்நாட்டிலிருந்து பெற்றோரோ மாமனார் மாமியாரோ வந்து சில வாரங்கள் தங்கிச் செல்வது வழக்கமாகிவிட்டது. சென்னையிலிருந்தோ திருச்சியிலிருந்தோ கோலாலம்பூர் வரை ஏறத்தாழ நான்கு மணி நேரம், அங்கிருந்து பினாங்கு விமான நிலையம் உள்ள பாயான் லெப்பாஸ் வரை ஒரு மணி நேரம் என்று கணக்குப் பார்த்தால் பயணம் எளிதாகவே தோன்றும். ஆனால் குடிநுழைவுச் சோதனை, பெட்டியை எடுத்தல், சுங்கச் சோதனை, பெட்டியை மீண்டும் ஒப்படைத்தல், பாதுகாப்புச் சோதனை ஆகிய எல்லாம் வந்து சேர்வது இவ்விரண்டு விமானங்களுக்கும் இடையில்தான். இவற்றுள் எவையெல்லாம் ஒரு பயணிக்கு உண்டு என்பது பயணச்சீட்டு வாங்கிய நாளிலேயே முடிவாகிவிடுகிறது. ஆகவே இந்த வழிகாட்டியும் அங்கிருந்தே தொடங்குகிறது.

சீட்டு ஒன்றா, இரண்டா?

சென்னை முதல் பினாங்கு வரையிலான இரு விமானங்களும் ஒரே முன்பதிவு எண்ணின்கீழ் வாங்கப்பட்டிருந்தால், அது இணைப்புச் சீட்டு. மலேசியா ஏர்லைன்ஸ் போன்ற நிறுவனங்கள் இவ்வாறுதான் விற்கின்றன. ஏர் ஏசியாவும் தன் விமானங்களுக்கிடையே ஃபிளை-துரு என்ற பெயரில் இணைப்புச் சீட்டு தருகிறது. இத்தகைய சீட்டில் பெட்டி பொதுவாகக் கடைசி ஊர் வரை சென்றுவிடும். முதல் விமானம் தாமதமாகி இரண்டாவது தவறிப்போனால், அடுத்த விமானத்தில் இடம் தேடித் தரும் பொறுப்பும் நிறுவனத்தைச் சாரும்.

விலை குறைவாக இருக்கிறது என்பதற்காகத் திருச்சி–கோலாலம்பூர் ஒரு நிறுவனத்திலும், கோலாலம்பூர்–பினாங்கு இன்னொரு நிறுவனத்திலும் தனித்தனியாக வாங்கினால் நிலைமை முற்றிலும் வேறு. பயணி கோலாலம்பூரிலேயே குடிநுழைவைக் கடந்து, பெட்டியை எடுத்து, சுங்கத்தைத் தாண்டி வெளியே வந்து, புதிதாகப் பயணம் தொடங்குபவரைப் போல மீண்டும் பதிவு முகப்பில் நிற்க வேண்டும். முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது நிறுவனம் அதற்குப் பொறுப்பேற்காது. மலேசியாவின் 2016ஆம் ஆண்டு வான்பயணப் பயனீட்டாளர் பாதுகாப்பு விதிகள், இரண்டு மணி நேரத்துக்கு மேல் தாமதமானால் உணவும், ஐந்து மணி நேரத்துக்கு மேல் சென்றால் கட்டணத்தைத் திரும்பப் பெறும் உரிமையும் தருகின்றன. ஆயினும் அவை தாமதமான அந்த விமானத்தைச் சார்ந்தவையே. தனியாக வாங்கிய அடுத்த சீட்டை அவை காப்பாற்றுவதில்லை.

என் கருத்தை ஒளிக்காமல் சொல்கிறேன்: தமிழ் மட்டும் அறிந்த, முதன்முறையாகத் தனியே வரும் முதியவர்களுக்கு இரண்டு சீட்டு வாங்கவே கூடாது. மிச்சமாகும் பணத்தைவிட, அவர்கள் அங்கு யாரிடம் கேட்பது என்று தெரியாமல் தவிக்கும் தவிப்பு பெரிது. பழக்கமுள்ளவர்கள், இளைஞர்கள், கைப்பையோடு மட்டும் வருபவர்கள் இரண்டு சீட்டில் தாராளமாக வரலாம்.

இடைவெளி எவ்வளவு வேண்டும் என்பதும் இதையொட்டியதே. இணைப்புச் சீட்டில் நிறுவனம் விற்கும் நேரம் போதுமானது என்றாலும், முதியவர்களுக்கு இரண்டரை முதல் மூன்று மணி நேரம் இருப்பது நல்லது. தனிச் சீட்டில், இரு விமானங்களும் ஒரே முனையத்தில் என்றால் நான்கு மணி நேரமும், முனையம் மாற வேண்டும் என்றால் ஐந்து மணி நேரமும் ஒதுக்குமாறு பரிந்துரைப்பேன். பதிவு முகப்புகள் விமானம் புறப்படுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே மூடப்படலாம் என்பதால், கையில் இருப்பதாக நாம் நினைக்கும் நேரத்தில் ஒரு மணியைத் தொடக்கத்திலேயே கழித்துவிட வேண்டும்.

எந்த முனையம், எந்த விமான நிலையம்?

செப்பாங்கில் உள்ள கோலாலம்பூர் அனைத்துலக விமான நிலையத்தில் இரண்டு முனையங்கள் உள்ளன. 1998இல் திறக்கப்பட்டது முதலாம் முனையம், கே.எல்.ஐ.ஏ. 2 என்று நாம் இன்றும் அழைக்கும், 2014 மே மாதம் இயங்கத் தொடங்கிய கட்டடம் இரண்டாம் முனையம். 2023இலிருந்து அறிவிப்புப் பலகைகளில் முனையம் 1, முனையம் 2 என்றே குறிக்கப்படுகின்றன. ஏர் ஏசியா இரண்டாம் முனையத்தில் இயங்குகிறது; மலேசியா ஏர்லைன்ஸ், பாத்திக் ஏர், இண்டிகோ ஆகியவை முதலாம் முனையத்தில் இயங்குகின்றன. ஆகவே இண்டிகோவில் வந்து ஏர் ஏசியாவில் பினாங்கு செல்ல நினைப்பவர் முனையம் மாறியே தீர வேண்டும். இரண்டும் அடுத்தடுத்த கட்டடங்கள் அல்ல. நடந்து போகும் வழியும் இல்லை.

இன்னொரு எச்சரிக்கை. பினாங்குக்குச் சுபாங் விமான நிலையத்திலிருந்தும் விமானங்கள் புறப்படுகின்றன. சீட்டில் செப்பாங்கின் குறியீடான கே.யு.எல். என்பதற்குப் பதிலாக எஸ்.இசட்.பி. என்று இருந்தால் அது சுபாங். செப்பாங்கிலிருந்து சாலை வழியே நெடுந்தூரம் செல்ல வேண்டிய வேறொரு நிலையம். விலையை மட்டும் பார்த்து வாங்குபவர்கள் இந்த மூன்று எழுத்துகளையும் பார்த்துவிட வேண்டும்.

வருகை அட்டையை வீட்டிலேயே நிரப்புதல்

2024 ஜனவரி 1 முதல், மலேசியாவுக்கு வரும் வெளிநாட்டவர்கள் மலேசிய இலக்கவியல் வருகை அட்டையைக் குடிநுழைவுத் துறையின் இணையத்தளத்தில் முன்கூட்டியே நிரப்ப வேண்டும். சிங்கப்பூர்க் குடிமக்கள், மலேசியாவின் நிரந்தரவாசிகள், நீண்டகால அனுமதி உடையவர்கள் போன்றோருக்கு விலக்கு உண்டு. குடிநுழைவைக் கடக்காமல் வேறு நாட்டுக்கு விமானம் மாறுபவர்களுக்கும் இது தேவையில்லை. ஆனால் பினாங்குக்கு வருபவர் மலேசியாவுக்குள் நுழைகிறார். அவருக்குக் கட்டாயம் தேவை. மலேசியக் கடப்பிதழ் உள்ளவர்களுக்கு இது பொருந்தாது.

வந்திறங்கும் நாளுக்கு முந்தைய மூன்று நாள்களுக்குள் இதை நிரப்ப வேண்டும். கட்டணம் எதுவும் இல்லை. பணம் கேட்கும் தளம் எதுவாக இருந்தாலும் அது அரசின் தளம் அல்ல. தேடுபொறியில் முதலில் வரும் விளம்பர இணைப்பை நம்பி அட்டை விவரங்களைக் கொடுத்துவிடாதீர்கள்.

நிரப்பும்போது தடுமாற வைக்கும் இடங்கள் மூன்று. முதலாவது பெயர். நம்மவர்களின் கடப்பிதழில் தந்தை பெயர் ஒரு கட்டத்திலும் சொந்தப் பெயர் இன்னொரு கட்டத்திலும் இருக்கும். சிலருக்குக் குடும்பப் பெயர் என்ற கட்டமே காலியாக இருக்கும். கடப்பிதழில் உள்ள எழுத்துகளை அப்படியே, முதலெழுத்தைச் சுருக்கவோ விரிக்கவோ செய்யாமல் எழுத வேண்டும். இரண்டாவது தேதி. இந்தியாவிலிருந்து இரவில் புறப்படும் விமானங்கள் மறுநாள் அதிகாலையில்தான் இங்கு இறங்குகின்றன. மலேசிய நேரம் இந்திய நேரத்தைவிட இரண்டரை மணி நேரம் முந்தியது. அட்டையில் கேட்கப்படுவது மலேசியாவில் இறங்கும் தேதி. சீட்டில் பெரிதாக அச்சாகியிருக்கும் புறப்பாட்டுத் தேதியை எழுதிவிடுவது எளிதில் நேரும் பிழை. மூன்றாவது விமான எண். மலேசிய மண்ணில் முதலில் இறங்கும் விமானத்தின் எண்ணை, அதாவது சென்னையிலிருந்தோ திருச்சியிலிருந்தோ வருவதன் எண்ணைத் தர வேண்டும். பினாங்கு விமானத்தின் எண்ணைத் தரக்கூடாது. தங்குமிட முகவரிக்குப் பினாங்கு வீட்டின் முகவரியையும் அஞ்சல் குறியீட்டையும் எழுதலாம்.

மின்னஞ்சல் இல்லாத பெற்றோருக்காகப் பிள்ளைகள் தங்கள் மின்னஞ்சலைக் கொடுத்து நிரப்பித் தரலாம். கிடைக்கும் பதிலை அச்சிட்டு அனுப்பிவிடுவது நல்லது; கைப்பேசியில் மின்னூட்டம் தீர்ந்தாலும் தாள் கையில் இருக்கும்.

இந்தியக் குடிமக்களுக்கு 30 நாள் வரையிலான வருகைக்கு விசா விலக்கு 2026 டிசம்பர் 31 வரை நடப்பில் உள்ளது. விசா இல்லை என்பதால் கேள்விகளும் இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. கடப்பிதழ் இன்னும் ஆறு மாதங்களாவது செல்லுபடியாக வேண்டும். திரும்பும் சீட்டு, தங்குமிட விவரம், செலவுக்குப் பணம் ஆகியவற்றைக் காட்டச் சொல்ல அதிகாரிக்கு உரிமை உண்டு. பிள்ளைகளின் வீட்டில் தங்குபவர்கள், முகவரியும் தொலைபேசி எண்ணும் உறவுமுறையும் குறிப்பிட்ட ஓர் அழைப்புக் கடிதத்தையும், அழைப்பவரின் அடையாள அட்டை அல்லது வேலை அனுமதியின் நகலையும் வைத்துக்கொள்வது நலம்.

புறப்படும் ஊரில் பெட்டியின் ஒட்டுச்சீட்டைப் பார்த்தல்

சென்னையிலோ திருச்சியிலோ பெட்டியை எடை போட்டதும், கைப்பிடியில் ஒரு நீண்ட ஒட்டுச்சீட்டைச் சுற்றுவார்கள். அதில் பெரிய எழுத்தில் பி.இ.என். என்று இருந்தால் பெட்டி பினாங்கு வரை செல்கிறது. கே.யு.எல். என்று மட்டும் இருந்தால், கையில் எத்தனை சீட்டு இருந்தாலும் பெட்டியைக் கோலாலம்பூரில் எடுத்தாக வேண்டும். “பெட்டியைப் பினாங்கில் எடுக்க வேண்டுமா, கோலாலம்பூரிலா?” என்று ஊழியரிடம் வாய்விட்டுக் கேட்டு, ஒட்டுச்சீட்டையும் கண்ணால் பார்த்த பிறகே முகப்பை விட்டு நகர வேண்டும். அங்கே தமிழில் கேட்க முடிகிற அந்த ஒரு நிமிடம், அடுத்த ஊரில் ஒரு மணி நேரத்தை மிச்சப்படுத்தும்.

இரண்டு விமானங்களுக்குமான ஏறும் சீட்டுகளையும் அங்கேயே வாங்கிக்கொள்ளுங்கள். நடக்கச் சிரமப்படுபவர்களுக்குச் சக்கர நாற்காலி வேண்டுமென்றால், குறைந்தது 48 மணி நேரத்துக்கு முன்பே நிறுவனத்திடம் பதிவு செய்யுங்கள். சக்கர நாற்காலியைத் தள்ளி வரும் ஊழியர் வரிசைகளுக்கும் வாயிலுக்கும் வழிகாட்டி அழைத்துச் செல்வார் என்பதால், நடக்க முடிந்தாலும் தடுமாறக்கூடிய முதியவர்களுக்கு இதைக் கேட்பதில் தயக்கம் வேண்டாம்.

இறங்கியதும்

முதலாம் முனையத்தில் சி என்ற எழுத்தில் தொடங்கும் வாயில்களில் இறங்குபவர்கள், தனியே நிற்கும் துணைக் கட்டடத்தில் இருக்கிறார்கள். அங்கிருந்து முதன்மைக் கட்டடத்துக்கு ஏரோட்ரெயின் என்னும் சிறு ரயிலில் வர வேண்டும். 2023 மார்ச்சில் நிறுத்தப்பட்ட இந்த ரயில் 2025 ஜூலை 1 முதல் மீண்டும் ஓடுகிறது. அது நிற்கும் வேளைகளில் பேருந்துகள் விடப்படும். இரண்டாம் முனையத்தில் ரயில் இல்லை, நீண்ட நடை உண்டு. இந்த நடையையும் காத்திருப்பையும் இடைவெளிக் கணக்கில் சேர்க்காதவர்களே பின்னர் ஓட நேர்கிறது.

இணைப்புச் சீட்டில் வந்தவர்கள், பினாங்கு உள்நாட்டு விமானத்துக்குரியவர்கள் என்பதால், விமானம் மாறுவோருக்கான பலகையைப் பின்பற்றி உள்நாட்டு இணைப்புக்குச் செல்ல வேண்டும். வேறு நாட்டுக்கு மாறுபவர்களின் வழி வேறு. உள்நாட்டுக்கு மாறுபவர் வழியில் குடிநுழைவு முகப்பைக் கடந்தே ஆக வேண்டும். வழிதெரியாவிட்டால் ஏறும் சீட்டைச் சீருடையணிந்த ஊழியரிடம் காட்டினாலே போதும்; மொழி தேவையில்லை.

2025இலிருந்து நுழைவிடங்களில் மலேசிய எல்லைக் கட்டுப்பாடு மற்றும் பாதுகாப்பு நிறுவனம் பொறுப்பேற்றுள்ளது. பயணியைப் பொறுத்தவரை நடைமுறை பழையதுதான். முகப்பில் இரு ஆள்காட்டி விரல்களின் ரேகையும் பதிவு செய்யப்படும். எங்கே செல்கிறீர்கள், யார் வீட்டில் தங்குகிறீர்கள், எத்தனை நாள் என்பவையே வழக்கமான கேள்விகள். “பினாங்கு, மகள் வீடு, இருபது நாள்” என்ற அளவில் உண்மையை நேராகச் சொன்னால் போதுமானது. வேலை செய்யப்போவதாகப் பொருள்படும் எதையும், விளையாட்டாகக்கூட, சொல்லக்கூடாது. பேரப்பிள்ளையைக் கவனித்துக்கொள்ள வரும் பாட்டியை, “மகளையும் பேரனையும் பார்க்க வந்திருக்கிறேன்” என்று சொல்லப் பழக்கிவிடுங்கள். முத்திரையில் உள்ள நாள் கணக்கை அங்கேயே பார்த்துக்கொள்ள வேண்டும்.

பெட்டியும் சுங்கமும்

பினாங்கு வரை ஒட்டப்பட்ட பெட்டிக்குக் குடிநுழைவு கோலாலம்பூரில் முடிந்தாலும், சுங்கச் சோதனை வழக்கமாகப் பாயான் லெப்பாஸில்தான் நடக்கும். ஆகவே உள்நாட்டு விமானத்திலிருந்து இறங்குகிறோம், இனிச் சோதனை இல்லை என்று எண்ணிவிட வேண்டாம். தனிச் சீட்டுக்காரர்கள் செப்பாங்கிலேயே பெட்டியை எடுத்துக்கொண்டு சுங்கத்தைக் கடக்க வேண்டும்.

பெட்டி வரவில்லை என்றாலோ உடைந்து வந்தாலோ, அந்தக் கூடத்தை விட்டு வெளியேறுவதற்கு முன்பே விமான நிறுவனத்தின் பெட்டி முகப்பில் எழுத்துவழிப் புகார் கொடுத்து அதன் எண்ணை வாங்குங்கள். இந்தியாவும் மலேசியாவும் ஏற்றுள்ள மாண்ட்ரியல் உடன்படிக்கையின்படி, சேதத்துக்கு 7 நாள்களுக்குள்ளும், தாமதமாக வந்த பெட்டிக்கு அது கையில் கிடைத்ததிலிருந்து 21 நாள்களுக்குள்ளும் எழுத்துவழி முறையீடு செய்ய வேண்டும்.

சுங்கத்தில் இரண்டு வழிகள் உள்ளன. அறிவிக்க எதுவும் இல்லாதவர்கள் பச்சை வழியிலும், இருப்பவர்கள் சிவப்பு வழியிலும் செல்கிறார்கள். பச்சை வழியில் நடப்பதே “என்னிடம் எதுவும் இல்லை” என்று கூறும் வாக்குமூலம். அங்கும் பெட்டியைத் திறக்கச் சொல்லலாம், கதிர்ப்பொறியில் வைக்கச் சொல்லலாம்.

நம் வீட்டுப் பெட்டிகளில் சிக்கலைத் தருவது பெரும்பாலும் அன்புதான். தோட்டத்து மாம்பழம், முருங்கைக்காய், கறிவேப்பிலைக் கட்டு, வீட்டில் முளைத்த துளசிச் செடி, மண் ஒட்டிய கிழங்கு, விதைப் பொட்டலம் ஆகியவை தாவரத் தனிமைப்படுத்தல் சட்டத்தின் எல்லைக்குள் வருபவை. இறைச்சிக்கும் இறைச்சியில் செய்த பொருள்களுக்கும் இறக்குமதி அனுமதி வேண்டும். அனுமதியின்றிக் கொண்டுவந்தால் பொருள் பறிமுதலாவதோடு முடியாமல் வழக்காகவும் மாறலாம். இவற்றை ஊரிலேயே விட்டுவிட்டு வரச் சொல்லுங்கள். கறிவேப்பிலையும் முருங்கைக்காயும் பினாங்குச் சந்தையிலேயே கிடைக்கின்றன. நிறுவன முத்திரையோடு அடைக்கப்பட்ட மசாலைப் பொடி, பலகாரம் முதலியவற்றைப் பெயர் தெரியும்படி தனிப் பையில் வைத்தால் விளக்குவது எளிது. எண்ணெய் மிதக்கும் ஊறுகாயைக் கைப்பையில் வைக்கக் கூடாது; பாதுகாப்புச் சோதனையில் அது திரவமாகவே கருதப்படும்.

மருந்துகளைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் முதியவர்களின் பெட்டியில் அவை இல்லாமல் இருப்பதில்லை. மாத்திரைகளை உறை பிரித்து ஒரே டப்பாவில் கொட்டி வைக்கும் பழக்கம் வீட்டுக்கு வசதி. எல்லையில் அதுவே ஆபத்து. ஒவ்வொரு மருந்தும் அதன் சொந்த உறையில், மருத்துவரின் சீட்டோடு, ஒரு மாதத் தேவைக்கு மிகாமல் இருக்க வேண்டும். தூக்க மாத்திரை, கோடின் கலந்த இருமல் மருந்து, கடும் வலி நிவாரணி ஆகியவற்றுக்கு இது இன்னும் முக்கியம். அன்றாடம் உட்கொள்ளும் மருந்தைக் கைப்பையிலும் ஒரு பங்கு வைத்துக்கொள்ள வேண்டும். பெட்டி ஒரு நாள் தாமதமானாலும் சர்க்கரை மாத்திரை தடைபடக்கூடாது.

10,000 அமெரிக்க டாலருக்கு மேற்பட்ட மதிப்புள்ள ரொக்கத்தைக் கொண்டுவருபவர்கள் சுங்கத்தின் 22ஆம் எண் படிவத்தில் அறிவிக்க வேண்டும். மதுவுக்கு ஒரு லிட்டர் வரை வரிவிலக்கு உண்டு. எந்தப் பொருளிலாவது ஐயம் இருந்தால் சிவப்பு வழியில் சென்று கேட்டுவிடுவதே நல்லது. தானாக முன்வந்து காட்டுபவரை அதிகாரி ஒரு விதமாகவும், மறைத்ததாகக் கருதப்படுபவரை வேறு விதமாகவும் நடத்துவார்.

எல்லாவற்றையும்விட அழுத்திச் சொல்ல வேண்டியது ஒன்று. திருச்சியிலும் சென்னையிலும் விமான நிலைய வாசலில், “அங்கே ஒருவர் வந்து வாங்கிக்கொள்வார், இந்தச் சிறு பொட்டலத்தை மட்டும் எடுத்துச் செல்லுங்கள்” என்று கேட்பவர்கள் உண்டு. குருவி என்று நாம் சொல்லும் கடத்தலுக்கு, விவரம் அறியாத முதியவர்களே எளிய இலக்கு. மலேசியாவின் 1952ஆம் ஆண்டு அபாயகர மருந்துகள் சட்டத்தின்கீழ் போதைப்பொருள் கடத்தலுக்கு இன்றும் மரண தண்டனை விதிக்க முடியும். 2023இல் அதன் கட்டாயத் தன்மைதான் நீக்கப்பட்டது. பெட்டி யார் பெயரில் இருக்கிறதோ அவரே பதில் சொல்ல வேண்டும். தெரிந்தவர் வீட்டுப் பொட்டலமாக இருந்தாலும் பிரித்துப் பார்த்து, நம் கையாலேயே அடுக்கியதை மட்டுமே கொண்டுவர வேண்டும் என்று பெற்றோரிடம் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள்.

முனையம் மாறி, மீண்டும் ஒப்படைத்தல்

சுங்கத்தைக் கடந்து வெளியே வந்ததும், அதே முனையமாக இருந்தால் மின்தூக்கியில் புறப்பாட்டுத் தளத்துக்கு ஏறினால் போதும். முதலாம் முனையத்தில் வருகை மூன்றாம் தளம், புறப்பாடு ஐந்தாம் தளம். மற்ற முனையத்துக்குச் செல்பவர்கள் ரயில் நிலையத்துக்கு வந்து கே.எல்.ஐ.ஏ. டிரான்சிட் அல்லது எக்ஸ்பிரஸ் ரயிலில் ஏறினால் மூன்று நிமிடத்தில் போய்ச் சேரலாம். கட்டணம் 2 ரிங்கிட். ரயில் எந்தத் திசையில் செல்கிறது என்பதை ஏறும் முன் பார்த்துக்கொள்ள வேண்டும். எதிர்த் திசையில் ஏறினால் தலைநகர் நோக்கிச் சென்றுவிடும். கட்டணமில்லாப் பேருந்தும் உண்டு, ஆனால் காத்திருக்க வேண்டும்.

பினாங்கு விமானத்துக்கு இணையத்திலேயே பயணப் பதிவை (செக்-இன்) முடித்து ஏறும் சீட்டை வைத்திருந்தால், பெட்டியை ஒப்படைக்கும் வேலை மட்டுமே மிஞ்சும். உள்நாட்டுச் சீட்டில் பெட்டி எடை தனியாக வாங்கப்பட்டிருக்கிறதா என்பதை முன்கூட்டியே பாருங்கள். அனைத்துலகச் சீட்டில் 30 கிலோ இருந்தது என்பது உள்நாட்டு நிறுவனத்துக்குப் பொருட்டே அல்ல; முகப்பில் கட்டும் கூடுதல் கட்டணம் சீட்டின் விலையையே தாண்டிவிடலாம்.

விமானம் தவறிவிட்டால்

இணைப்புச் சீட்டுக்காரர்கள் நிறுவனத்தின் இணைப்பு முகப்புக்குச் சென்று அடுத்த விமானத்தைக் கேட்க வேண்டும்; சொந்தமாகப் புதுச் சீட்டு வாங்கிவிடக் கூடாது. தனிச் சீட்டுக்காரர்கள் விலையைப் பார்த்துவிட்டு, தரைவழியையும் எண்ணிப் பார்க்கலாம். கே.எல்.ஐ.ஏ. எக்ஸ்பிரஸ் முதலாம் முனையத்திலிருந்து 28 நிமிடத்தில் தலைநகரின் முதன்மை ரயில் நிலையமான கே.எல். சென்ட்ரலுக்குக் கொண்டுசேர்க்கும்; அங்கிருந்து இ.டி.எஸ். என்னும் விரைவு மின்ரயிலில் நான்கு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகப் பினாங்குத் தீவுக்கு எதிர்க்கரையிலுள்ள பட்டர்வொர்த், பிறகு படகில் தீவின் தலைநகரான ஜார்ஜ் டவுன். ரயிலில் இடமில்லையென்றால் டிரான்சிட் ரயிலில் பண்டார் தாசேக் செலாத்தான் இறங்கி, அதை ஒட்டியுள்ள டி.பி.எஸ். பேருந்து முனையத்தில் பினாங்குப் பேருந்து பிடிக்கலாம். தைப்பூசம், தீபாவளி, பள்ளி விடுமுறை நாள்களில் இவ்விரண்டிலும் இடம் கிடைப்பது அரிது. அந்த நாள்களில் வருபவர்களுக்கு இடைவெளியை இன்னும் தாராளமாக வைக்க வேண்டும்.

ஊர் திரும்பும்போது முறை மாறும் என்பதையும் பெற்றோரிடம் சொல்லி அனுப்புங்கள். பினாங்கிலிருந்து கோலாலம்பூர், சென்னை வழியாக மதுரைக்கோ தூத்துக்குடிக்கோ செல்பவர்கள், இந்தியாவில் முதலில் இறங்கும் சென்னையிலேயே பொதுவாகப் பெட்டியை எடுத்துச் சுங்கத்தைக் கடந்து, உள்நாட்டு முனையத்தில் மீண்டும் ஒப்படைக்க வேண்டியிருக்கும். ஆகவே சென்னையிலும் மூன்று மணி நேரத்துக்குக் குறையாத இடைவெளியோடு சீட்டு வாங்குங்கள்.